தினமும் துலக்கும் பாத்திரம்

மைசூரில் ஒரு தமிழ் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பம். தந்தை அத்திப்பட்டு ஆசூரி கிருஷ்ணசுவாமி, மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். வானியல் அறிஞர், சம்ஸ்கிருதப் புலமையும் சோதிடத் தேர்ச்சியும் உடையவர். வெண்ணிறத் தலைப்பாகை, நெற்றியில் திருமண், பஞ்சகச்சத்தின் மேல் ஆங்கிலேயக் கோட்டு. இதுவே அவரது தோற்றம். பல்கலைக்கழகத்திற்கு அணிந்து சென்ற காலணிகளைக் கழற்றாமல் வீட்டின் உட்பகுதிக்குள் நுழைய மாட்டார். வெளிநாட்டுக் கணித மேதைகளும் அவரைக் காண வருவார்கள். மகாராஜா அளித்த சரிகைச் சால்வையுடன் பண்டிதர்களும் வருவார்கள்.

அவருடைய மகன்தான், சங்கப் பாடல்களையும் கன்னட வசனங்களையும் ஆங்கில உலகிற்கு அறிமுகப்படுத்திய ஏ. கே. ராமானுஜன் (1929-1993). இளமையில் பெர்ட்ரண்டு ரஸ்ஸலின் நூல்களைப் படித்து, அறிவியல் நோக்கே சரியானது என்று புதிதாக உறுதி கொண்டிருந்தார். வானியலும் சோதிடமும் ஒரே மனிதரின் தலைக்குள் எப்படிக் குடியிருக்க முடியும் என்பது அவரை உறுத்தியது. தந்தையிடமே கேட்டுவிட்டார். இந்தியச் சிந்தனை முறை பற்றி அவர் எழுதி, 1989-இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் இதை நினைவுகூர்கிறார்.

நெப்டியூன் 1846-இலும் புளூட்டோ 1930-இலும் கண்டறியப்பட்டனவே, உங்கள் நவக்கிரகக் கணக்கு என்ன ஆவது என்பது மகனின் முதல் கேள்வி. தேவையான திருத்தங்களைச் செய்துகொள்ள வேண்டியதுதான் என்றார் தந்தை. நீராடி, திருமண் தரித்துக் கீதை பாராயணம் செய்கிறீர்கள்; பிறகு ரஸ்ஸலையும் இங்கர்சாலையும் பாராட்டிப் பேசுகிறீர்களே, இது எப்படி என்பது அடுத்த கேள்வி. கீதை படிப்பது தினசரித் தூய்மையின் ஒரு பகுதி என்றும், மூளைக்கு இரு பிரிவுகள் உண்டென்பது தெரியாதா என்றும் பதில் வந்தது. மகன் எதிர்பார்த்தது தர்க்கம். தந்தை அதைத் தரவில்லை.

சோதிடத்தைப் பொறுத்தவரை மகனின் கேள்வி நியாயமானது, தந்தையின் பதில் போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதில் ஈடுபாடு கொள்வதைப் பலவீனமான மனத்தின் அறிகுறியாகவே சுவாமி விவேகானந்தர் கருதினார். (2006-இல் வானியலாரே புளூட்டோவைக் கிரக வரிசையிலிருந்து நீக்கித் தங்கள் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.) என் சிந்தனையைத் தூண்டியது இரண்டாவது பதில்தான்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்பதால், அவர் கையாண்ட ‘ஹைஜீன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முன் நெடுநேரம் நின்றேன். சுகாதாரம் என்று எழுதினால் நகராட்சி நினைவுக்கு வருகிறது. ஆசாரம் என்று எழுதினால் தீட்டு நினைவுக்கு வருகிறது. கீதையைப் பல் துலக்குவதோடும் குளிப்பதோடும் ஒன்றாக வைப்பதா என்று ஒரு பக்தர் வருந்தவும் கூடும். முதலில் நானும் அப்படித்தான் வருந்தினேன்.

ஆனால் குளிப்பவனை எண்ணிப் பாருங்கள். நேற்றுக் குளித்தது இன்றைக்குப் போதாது என்று அவனுக்குத் தெரியும். ‘நான் குளித்துவிட்டேன்’ என்று அவன் வீதியில் நின்று அறிவிப்பதில்லை. அதற்காக ஒருவரும் மாலை சூட்டுவதுமில்லை. தன் உடம்பில் அழுக்கு சேர்கிறது என்ற எளிய ஒப்புதல் மட்டுமே அங்கு உண்டு. நம்முடைய ஜபமும் பாராயணமும் இப்படி நடைபெறுகின்றனவா? பத்து ஆண்டுகள் தவறாமல் கீதை படித்தவருக்கு, படிக்காத அண்டை வீட்டுக்காரர் சற்றுத் தாழ்ந்தவராகத் தெரியத் தொடங்குகிறார். காவி உடுத்தியவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

தட்சிணேசுவரத்தில் தோதாபுரியிடம் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கேட்ட கேள்வி வாசகர்களுக்கு நினைவிருக்கும். இவ்வளவு உயர்ந்த நிலையை அடைந்த பின்னும் தினமும் தியானம் எதற்கு? தோதாபுரி, பளபளவென்று துலக்கி வைத்திருந்த தம் பித்தளைச் செம்பைக் காட்டினார். தினமும் துலக்காவிட்டால் இது கறுத்துவிடாதா என்றார். செம்பு பொன்னால் ஆனதாக இருந்தால்? என்று கேட்டார் குருதேவர். இதைப் படிக்கும் நாம் ஒவ்வொருவரும் மகிழ்ச்சியோடு பொற்செம்பின் பக்கம் சேர்ந்துகொள்கிறோம்! நாற்பது ஆண்டுகள் கடுந்தவம் புரிந்த தோதாபுரியே பித்தளையின் பக்கத்தில்தான் நின்றார் என்பது நம் கண்ணில் படுவதில்லை.

இரு பிரிவுகள் என்ற பதில் இரட்டை வேடத்திற்கு இடம் தராதா? தரலாம். கோயிலில் ஒருவனாகவும் அலுவலகத்தில் வேறொருவனாகவும் வாழ்பவன் இதையே சாக்காகச் சொல்லக்கூடும். ஆனால் வேடதாரி ஒரு பக்கத்தை மறைத்தே ஆக வேண்டும். இந்தத் தந்தை எதையும் மறைக்கவில்லை. மகன் காணக் கீதை படித்தார். மகன் கேட்க ரஸ்ஸலைப் புகழ்ந்தார். கீதையை எடுத்து மகனின் ரஸ்ஸலை அடிக்கவில்லை. தம் நம்பிக்கையைக் கைவிடவும் இல்லை.

என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். தத்துவத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறைக்கு ஊர் வந்திருந்தேன். மாலைதோறும் விஷ்ணு சஹஸ்ரநாமம் சொல்லும் என் தந்தையாரிடம், “இந்த ஆயிரம் பெயர்களுக்கும் உங்களுக்குப் பொருள் தெரியுமா அப்பா?” என்று கேட்டேன். அறிந்துகொள்ளக் கேட்ட கேள்வி அல்ல அது, குத்திக்காட்டக் கேட்டது. அவர் நூலை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “முழுதும் தெரியாதப்பா. நீ படித்தவன், சொல்லிக்கொடு, கேட்டுக்கொள்கிறேன்” என்றார். கேலியாகச் சொல்லவில்லை; உண்மையாகவே காத்திருந்தார். நாலைந்து பெயர்களுக்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை.

பின்னாளில் பிருஹதாரண்யக உபநிஷதம் படித்தபோது அந்த மாலைப்பொழுது நினைவுக்கு வந்தது. கல்விச் செருக்குடன் பாஞ்சால நாட்டு அவைக்குச் சென்ற சுவேதகேதுவிடம் பிரவாஹண ஜைவலி என்ற அரசர் ஐந்து கேள்விகள் கேட்கிறார். ஒன்றுக்கும் விடை தெரியவில்லை. சினத்துடன் தந்தையிடம் திரும்பி, நீங்கள் எனக்கு முழுமையாகக் கற்பிக்கவில்லை என்கிறான். தந்தையோ தமக்கும் அவை தெரியாது என்கிறார்; தெரிந்ததை எல்லாம் உனக்குச் சொன்னேன், வா, இருவரும் மாணவர்களாக அவரிடம் போவோம் என்று அழைக்கிறார். மகன் மறுத்து, நீங்களே போய் வாருங்கள் என்கிறான். முதிய அந்தணர் தனியாகப் புறப்பட்டு, அரசரிடம் மாணவராக அமர்கிறார். சாந்தோக்கியத்தில் ‘தத்வமஸி’ உபதேசத்தை அந்த மகன் பெறுவது இந்தத் தந்தையிடமிருந்துதான்.

மைசூர்த் தந்தை நெற்றியில் தரித்தது திருமாலின் திருவடிகளை. அத்திருவடிகளைப் பாடிய நம்மாழ்வாரின் பாசுரங்களை மகன் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1981-இல் நூலாக வெளியிட்டார். ‘மூழ்குவோர்க்கான துதிகள்’ என்று பொருள்படும் தலைப்பு. ஆழ்வார் என்றால் ஆழ்ந்தவர் அல்லவா! பார்த்தீர்களா, மகன் தந்தையின் சமயத்திற்குத் திரும்பிவிட்டார் என்று முழங்க நமக்கு ஆசை எழும். அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர் கவிஞராகவே அப்பாசுரங்களிடம் சென்றார். என்றாலும், அன்று தந்தை வாதாடி மகனை வென்றிருந்தால் அந்த நூலை அவர் கையில் எடுத்திருப்பாரா என்று மட்டும் அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன்.