வேரின் பற்றுவரவு

ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால் பாசனத்தில் வாழையும் கரும்பும் விளைகின்றன. அவற்றின் வேருக்குள் பூசண இழைகள் குடியிருக்கின்றன. இழை மண்ணிலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவருகிறது. பயிர் தன் சர்க்கரையில் பங்கு தருகிறது. வேரும் பூசணமும் கூடிய இவ்வகை உறவுக்கு 'மைகோரைசா' என்ற பெயர் 1885ல் வந்தது. ட்ரஃபிள் என்ற மண்ணடிக் காளானை வளர்க்க வழி தேடிய ஜெர்மானியர் ஃப்ராங்க், மரவேர்களில் கண்டதற்கு இட்ட பெயர் அது.

இதை வியாபாரம் என்பார் உண்டு; பரோபகாரம் என்பாரும் உண்டு. வங்கியில் பற்றுவரவு எழுதிப் பிழைக்கும் எனக்கு முன்னது சுலபமாக வாயில் வருகிறது. இரண்டும் நம்முடைய சொற்கள். அதே மண்ணில் ப்யூசேரியம் என்ற பூசணம் வாழையை வாட்டிக் கொல்கிறது. அது துரோகமில்லை என்றால் இது தியாகமும் இல்லை. இயற்கையிடம் ஒழுக்கம் கற்கச் சொல்பவர்கள் தங்களுக்குத் தோதான பூசணத்தை மட்டும் பொறுக்கிக்கொள்கிறார்கள்.

மணிச்சத்து உரத்தை மிதமிஞ்சிப் போட்டால் வேரில் இழைகள் குறைந்துபோகின்றன. பயிர்க்கடன் கணக்கில் உரச்செலவு ஏறுகிறது. இழைக்குப் பத்தி கிடையாது. எழுதப்படாததை இல்லாததாகவே பாவித்து மண்ணை நடத்துகிறோம். அறக்கேள்வி இங்கேதான் எழுகிறது. அதற்கான பதிலைப் பூசணத்தின் தலையில் கட்டிவிட முடியாது.