வாங்குகிறவருக்கும் அறம் உண்டு

காரைக்கால் மாவட்டத் திருவேட்டக்குடிப் பக்கம் மனை வாங்க டோக்கன் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், ஒரு வாரம் பொறுங்கள். "இன்றைக்கே போட்டால் இந்த விலை, நாளைக்கு வந்தால் கிடையாது" என்று தரகர் சொல்லியிருப்பார். சொல்லட்டும். காவிரியின் கடைமடை கடலைத் தொடும் இந்த மண் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. ஞானசம்பந்தர் வந்து பாடிய தலம் இது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக இருக்கிற ஊர் உங்களுக்காக இன்னும் ஏழு நாள் இருக்கும்.

இங்கே நிலத்துக்கு ஆசை பிறக்கக் காரணம் இல்லாமல் இல்லை. 2010-இல் தொடங்கிய புதுச்சேரி என்.ஐ.டி., முதலில் திருச்சி என்.ஐ.டி. வளாகத்தில் வகுப்பு நடத்தி, பிறகு காரைக்காலுக்கு வந்து, இப்போது திருவேட்டக்குடியில் இருநூற்றைம்பது ஏக்கருக்கு மேற்பட்ட சொந்த வளாகத்தில் நிற்கிறது. தெற்கே வாஞ்சூரில் 2009-இலிருந்து துறைமுகம் இயங்குகிறது. விழுப்புரம்–நாகப்பட்டினம் நெடுஞ்சாலை அகலமாகிறது. பேரளத்துக்குப் போன பழைய ரயில் பாதையை மறுபடி போட்டிருக்கிறார்கள். இத்தனையும் உண்மை. எனவே இங்கே வீடு கட்டிக் குடியேற நினைப்பதோ, நாலு காசு நிலத்தில் போட்டு வைப்பதோ தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் விளம்பரத் தட்டியில் எழுதியிருப்பது இது மட்டுமல்லவே. "ஐ.டி. பார்க் வருகிறது", "ஏர்போர்ட் வருகிறது", "அடுத்த ஓ.எம்.ஆர். இதுதான்" என்றும் எழுதியிருக்கிறது. சென்னையில் ஓ.எம்.ஆர். எனும் பழைய மாமல்லபுரம் சாலையில் தரமணி டைடல் பார்க் 2000-இல் திறந்தது. கம்பெனிகள் வந்தன, சம்பளம் வந்தது, அந்தச் சாலை ஓரமெல்லாம் விலை ஏறியது. ஒரு பொறியியல் கல்லூரி அப்படியல்ல. அதன் மாணவர்கள் விடுதியில் தங்குகிறார்கள். படித்து முடித்தால் வேலை இருக்கிற ஊருக்குப் போகிறார்கள். கல்லூரி வந்ததால் நகரம் வந்துவிடாது. காரைக்கால் விமான நிலையம் பற்றிய பேச்சுக்கு வயது பத்துக்கு மேல். ஒரு விமானமும் இறங்கவில்லை. துறைமுகமே எடுத்துக்காட்டு: கப்பல் வந்தும், சரக்கு இறங்கியும், அதைக் கட்டி நடத்திய நிறுவனம் கடனில் மாட்டி, 2023-இல் திவால் நடவடிக்கை வழியாக அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது. வளர்ச்சி வருவது வேறு, அதில் போட்ட பணம் திரும்புவது வேறு. ஆகவே "வருகிறது" என்று யார் சொன்னாலும் "அரசாணை எங்கே?" என்று கேளுங்கள். காட்ட முடியவில்லை என்றால், அந்த வாக்குறுதிக்கு நீங்கள் கொடுக்கும் விலை பூஜ்யமாகவே இருக்கட்டும்.

இது வரை சொன்னது உங்கள் பணத்தைப் பற்றி. பணம் போனால் உங்களோடு போகும். இனிச் சொல்லப்போவது அடுத்தவரைப் பற்றி.

நில மோசடி வெளிவரும்போதெல்லாம் வாங்கியவர் ஒரே வாக்கியம்தான் சொல்கிறார்: "எனக்குத் தெரியாது." பாதி உண்மைதான். தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பது மீதிப் பாதி. சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கும்போது ஏன் என்று கேட்காதவர், கேட்டால் பதில் பிடிக்காது என்று அறிந்தே கேட்காமல் விடுகிறார். வாங்க ஆள் இருப்பதால்தான் வாய்க்காலை விற்கிறார்கள், கோயில் நிலத்தை விற்கிறார்கள், இறந்தவர் கையெழுத்தைப் போடுகிறார்கள். விசாரிக்காமல் வாங்குகிறவர் ஏமாறுகிறவர் மட்டும் அல்லர். ஏமாற்றுக்குக் கூலி கொடுக்கிறவரும் அவரே.

முதலில் தண்ணீரைக் கேளுங்கள். சுமார் நூற்றறுபது சதுர கிலோமீட்டரே உள்ள காரைக்கால் மாவட்டத்துக்குள் நண்டலாறு, வாஞ்சியாறு, அரசலாறு, திருமலைராயனாறு என்று காவிரியின் கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்கு இறங்குகின்றன. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் இது. காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கென்று ஒதுக்கிய 7 டி.எம்.சி. இந்தக் கடைமடை வயல்களுக்காகத்தான். ஆடியில் கடைசியாகத் தண்ணீர் காணும் இதே ஊர், ஐப்பசி கார்த்திகையில் மேலே உள்ள டெல்டாவின் வெள்ளத்தையும் வாங்கிக் கடலுக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பாசன வாய்க்காலைவிட வடிகால் முக்கியம்.

மனைப் பிரிவு போடுகிறவர் என்ன செய்கிறார்? நன்செயில் சவுடு மண் கொட்டி இரண்டடி உயர்த்துகிறார். குறுக்கே போன சிறு வாய்க்காலை மூடிச் சாலையாக்குகிறார். வரைபடத்தில் முப்பதடி ரோடு என்று அழகாக இருக்கிறது. மழை வந்ததும் உங்கள் மனை மேடாக நிற்கும். பக்கத்து வயலில் கதிர் வாங்கும் சம்பாப் பயிர் பத்து நாள் மூழ்கி அழுகும். அடுத்த ஆண்டு அந்த விவசாயியும் சலித்து விற்பார். அவர் வயலும் மேடாகும். கடைசியில் தண்ணீர் போக வழியில்லாமல் முதலில் வாங்கிய உங்கள் வீட்டு வாசலுக்கே வரும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெரும்பகுதியை இப்படி விழுங்கித்தான் தென்சென்னை வளர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாடியில் நின்று படகுக்குக் கை காட்டியது. மிஞ்சிய சதுப்புக்கு 2022-இல் ராம்சார் தகுதி கிடைத்தது, இழந்த பரப்பு திரும்பவில்லை. அதே 2022 செப்டம்பரில் பெங்களூரின் வெளிவட்டச் சாலை ஐ.டி. பகுதிகளில் கோடி ரூபாய் வீட்டுக்காரர்கள் டிராக்டரில் ஏறி வெளியே வந்தார்கள். ஏரியின் பாதையில் கட்டிய வீட்டுக்கு ஏரி வந்தது.

எனவே மனையைச் சித்திரை வெயிலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கார்த்திகை அடைமழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். பக்கத்து வரப்பில் நிற்கும் பெரியவரிடம், "ஐயா, இந்த இடத்துத் தண்ணி எந்தப் பக்கம் வடியும்?" என்று கேளுங்கள். எந்தப் பொறியாளர் அறிக்கைக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அது. பிறகு புலப்படத்தை வாங்கி, அதில் வாய்க்கால் என்று கோடிட்ட இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று நேரில் நடந்து பாருங்கள். கோடு இருக்கிறது, வாய்க்கால் இல்லை என்றால், திரும்பி வந்துவிடுங்கள்.

கடலையும் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 காலை சுனாமியாக வந்து காரைக்கால் மீனவக் கிராமங்களில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கடல் கொண்டுபோனது. அலை ஏறிய வயல்களில் உப்புப் படிந்தது. "கடல் பார்த்த மனை" என்று இன்று கூடுதல் விலை சொல்கிறார்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை செல்லும். அதற்குள் எவ்வளவு தூரம் கட்டிடமே கூடாது என்பது ஊரின் மக்கள் அடர்த்தியைப் பொறுத்தது. அலை ஏறி இறங்கும் கழிமுகக் கரைகளுக்கும் விதி உண்டு. இந்த விதி உங்களுக்குத் தொல்லையாகத் தோன்றலாம். வலை காயப்போடவும் படகை ஏற்றி வைக்கவும் தலைமுறையாக அந்த மணலைப் பயன்படுத்துகிறவருக்கு அதுதான் மிஞ்சிய வேலி. அதைப் பிடுங்கி உங்கள் ரிசார்ட்டுக்கு வழி விடாதீர்கள்.

அடுத்து, யாருடைய நிலம் என்று கேளுங்கள். 2024-இல் காரைக்கால் கோயில்பத்தில் பார்வதீஸ்வரர் கோயில் நிலத்தைப் போலி ஆவணங்கள் காட்டி மனைகளாக விற்க முயன்றதாக வழக்குப் பதிவானது. கைதானவர்களில் அரசு அதிகாரிகளும் இருந்தார்கள். வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நமக்குப் பாடம் இதுதான்: முத்திரையும் கையெழுத்தும் உள்ள காகிதம் என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. பழைமையான கோயில்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில் கோயில் பெயரில் உள்ள நிலமும் நிறைய. தாய்ப்பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். முப்பது ஆண்டுக்காவது வில்லங்கச் சான்று போடுங்கள். பட்டா யார் பெயரில் என்று புதுச்சேரி அரசின் 'நிலமகள்' பதிவில் பாருங்கள்.

இந்த மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சங்கடம் உண்டு. பிரெஞ்சு ஆட்சி இருந்த ஊர். பிரான்சில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். பூட்டிக் கிடக்கும் வீடு, ஆண்டுக்கொருமுறைகூட வராத உரிமையாளர், நடுவில் ஒரு பவர் பத்திரம். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? அவர் கண் மூடிய அன்றே பொதுவாக அந்தப் பவரும் முடிந்துவிடும். பதிவு செய்த கிரயப் பத்திரம் இல்லாமல், பவரும் ஒப்பந்தமும் மட்டும் வைத்துக்கொண்டு உரிமை கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது. பவர்காரரோடு பேசி முடிக்காதீர்கள். பாரிசில் இருக்கும் அந்த அம்மாவுக்கு நீங்களே வீடியோ கால் போட்டுப் பேசுங்கள். அவருடைய உடன்பிறந்தாருக்கும் பங்கு உண்டா என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருக்கிறதா? கேட்காமல் வாங்கிய வீட்டில் குடியிருக்க அதைவிட வெட்கமாக இருக்கும்.

உழுகிறவர் யார் என்றும் பாருங்கள். பத்திரத்தில் ஒரு பெயர், ஏர் பிடிக்கும் கை வேறு என்பது டெல்டாவில் புதிதல்ல. குத்தகைக்காரரைக் காக்கப் புதுச்சேரியில் 1970-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. "காலி செய்து கொடுக்கிறேன்" என்று விற்பவர் சொன்னால், எப்படி என்று கேளுங்கள். அடியாளை வைத்துக் காலி செய்த நிலத்தில் உங்கள் பூமி பூஜை நடக்க வேண்டாம்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் பாரிசிலும் இருந்து பணம் அனுப்புகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்று. வெளிநாடுவாழ் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டைக்காரரும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. மரபுரிமையாக வருவது வேறு. "ஊரில் மச்சான் பெயரில் போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது வழி சொன்னால், அந்த வழி பினாமிச் சட்டத்தில் போய் முட்டும். மச்சானோடு உள்ள உறவும் அங்கேதான் முட்டும்.

பணம் கொடுக்கும் விதத்திலும் நேர்மை வேண்டும். "கைடுலைன் வேல்யூவுக்குப் பதிவு, மீதி கையில்" என்பது ஊர் வழக்கம் என்பார்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மனைப் பிரிவு 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ எட்டு வீட்டுக்கு மேல் கட்டினாலோ, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டப்படி பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. தரகரும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடாமல் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. பதிவு எண் கேளுங்கள். பிளானிங் அத்தாரிட்டி ஒப்புதலைக் கேளுங்கள். "எல்லாம் பிராசஸில் இருக்கிறது" என்றால், உங்கள் பணமும் பிராசஸிலேயே இருக்கட்டும். தமிழ்நாட்டில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்தவர்கள் பெரும்பாலும் சிறுகச் சேர்த்து வாங்கிய நடுத்தரக் குடும்பங்களே.

தரகு செய்கிற அண்ணன்களே, உங்களுக்குக் கமிஷன் ஒரு முறை வரும். ஊரில் முகம் தினமும் காட்ட வேண்டும். வாய்க்கால் போன இடம் உங்களுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லி விற்க முடியாத நிலத்தை விற்காதீர்கள். பத்திரம் எழுதுகிறவர்களே, பங்காளி ஒருவர் பெயர் விடுபடுவது முதலில் உங்கள் கண்ணில்தான் படுகிறது. பேனாவை அங்கே நிறுத்துங்கள். நிலம் விற்கிற விவசாயக் குடும்பத்தாரே, உங்கள் கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும், விற்காதீர்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. விற்கும்போது வடிகாலை விட்டு விற்கிறோம் என்று பத்திரத்திலேயே எழுதுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு. வாங்கியது தண்ணீர் போகும் பாதை என்றோ, பத்திரத்தில் ஓட்டை என்றோ இப்போது தெரிந்திருக்கலாம். "விலை இருக்கும்போதே வேறொருவர் தலையில் கட்டிவிடுங்கள்" என்று நண்பர்கள் சொல்வார்கள். உங்கள் அறத்துக்கு உண்மையான சோதனை இப்போதுதான். நேற்று வரை தெரியாது என்று சொல்ல உங்களால் முடிந்தது, இன்று முடியாது. நாளை உங்களிடம் வாங்க வருகிறவரும் கடன் வாங்கித்தான் வருவார், அவரும் எதையும் கேட்க மாட்டார். அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். விற்றவர்மீது ரெராவிலோ நீதிமன்றத்திலோ வழக்குப் போடுங்கள். வடிகால் மூடியிருந்தால், மனைக்காரர்கள் சேர்ந்து கொம்யூன் பஞ்சாயத்துக்கு மனுக் கொடுத்து, உங்கள் செலவிலேயே திறந்து விடுங்கள். இரண்டு லட்சம் நட்டமானாலும் அந்த நட்டம் உங்களோடு முடியட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் செய்யுங்கள்.