விடை வராமை ஒரு பிரமாணமா?

திருச்சியிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில் வையம்பட்டியில் ஒரு வீட்டின் மாடியறையில், உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி ஒன்று கிணற்று மோட்டாரின் ஓட்டத்தைக் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் இருந்தபடியே, தொலைவிலுள்ள கணினியோடு பேச உதவும் எஸ்எஸ்எச் வழியாக அதனுள் நுழைந்து அக்குறிப்புகளைப் பார்ப்பது என் வழக்கம். சில வேளைகளில் தட்டிய எழுத்துகள் தயங்கித் தயங்கித் திரையில் விழும். வேறு சில வேளைகளில் தொடர்பு நடுவிலேயே அறுந்து திரை உறைந்து நிற்கும். அப்போது எழுவது தொழில்நுட்ப வினா மாத்திரமன்று. விடை வரவில்லை என்பதைக் கொண்டு, விடையளிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்று முடிவு செய்ய நமக்கு அதிகாரம் உண்டா?

புலப்படாமையை, அதாவது அனுபலப்தியை, இன்மையை அறிவிக்கும் தனிப் பிரமாணமாகவே, அதாவது அறியும் வழியாகவே, கொண்டவர்கள் குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்ஸகர்கள். ஆயினும், இருந்திருந்தால் கட்டாயம் புலப்பட்டிருக்கும் என்னும் யோக்யதை இருந்தாலொழிய அப்பிரமாணம் செல்லாது என்று அவர்களே வரம்பு கட்டினார்கள். பட்டப்பகலில் வெறுந்தரையில் குடம் தெரியாவிட்டால் குடம் இல்லை. இருட்டறையில் தெரியாவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை.

வையம்பட்டியோடு பேசும்போது நான் நிற்பது பெரும்பாலும் இருட்டறையில்தான். உள்ளே நுழையும்போது மட்டும் தாமதித்து, நுழைந்த பின் சரளமாக ஓடினால், டிஎன்எஸ் பெயர்த் தேடலின் பதிலுக்காக அது காத்திருந்திருக்கலாம். சற்று நேரம் சும்மா இருந்து மீண்டும் தட்டும்போது முதல் எழுத்துகள் தயங்கினால், வைஃபை மின்சிக்கனத்திற்காக அரைத்தூக்கத்தில் இருக்கிறது. பவர் சேவ் அமைப்பை நிறுத்தினால் தயக்கம் தீரும். நெடுநேரம் பேசாதிருந்த பின் தொடர்பே அற்றுப்போனால், இடையிலுள்ள ரவுட்டரோ செல்போன் கம்பெனியின் சாதனமோ அத்தொடர்பைத் தன் பட்டியலிலிருந்து அழித்திருக்கக்கூடும். இரு முனைகளும் விழித்திருக்க, நடுவில் இருப்பது மறந்துவிட்டது. எதிர்முனை உயிரோடிருக்கிறதா என்று விசாரிக்க, அக்கணினியை இயக்கும் லினக்ஸ் இயல்பாகப் பொறுத்திருக்கும் காலம் 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம்; அவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும் பொறுமை பல ரவுட்டர்களுக்கு இல்லாமையால், நிமிஷத்திற்கு ஒரு முறை வெற்றுச் செய்தி ஒன்றை அனுப்பிவரும்படி எஸ்எஸ்எச்சுக்குச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. வேலைப்பளு ஏறும்போது மட்டும் அறுந்தாலோ, மின்சாரத்தைப் பார்க்கவேண்டும்: மெல்லிய சார்ஜர் ஒயரின் வழியே வரும் அழுத்தம் 4.63 வோல்டுக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் பலகையின் ஓரத்திலுள்ள சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரியும். அவ்விளக்கை வையம்பட்டியில் நின்றவன்தான் காண்பான். ஸ்ரீரங்கத்திலிருந்து பார்ப்பவனுக்கு இவை யாவும் ஒரே மௌனம்.

ஈசுவரனை நோக்கிய பிரார்த்தனையிலும் இதே மௌனம்தான் எதிர்ப்படுகிறது. எத்தனை பிரார்த்தித்தும் பதில் இல்லை, ஆகவே கேட்பவன் இல்லை என்று துயரத்தால் பேசுகிறவர்களை நான் மதிக்கிறேன், அத்துயரம் மெய்யானது. ஆனால் அந்த வாதம் நிற்காது. 10ஆம் நூற்றாண்டில் நையாயிகரான உதயனர் நியாயகுஸுமாஞ்ஜலியில், கண்ணால் காண்பதையே நம்பும் சார்வாகனை இவ்விடத்தில்தான் மடக்கினார்: காணாமையே இன்மையாகுமானால், வீட்டைவிட்டுப் புறப்பட்ட சார்வாகன், கண்ணுக்கு மறைந்த மனைவி மக்களை இறந்தவர்களாக எண்ணி அழ நேரும்.

இதனாலேயே ஈசுவரன் உண்டென்பது ஸித்தித்துவிட்டது என்று மகிழ்வதும் எனக்கு உடன்பாடன்று. வையம்பட்டிக் கணினி இருக்கிறது என்பதை நான் அதன் மௌனத்திலிருந்து அறியவில்லை. அங்கே இருப்பவர்கள் சொல்லியும், முன்பு அதனோடு பேசியும் அறிந்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தில், உலகைக் காரியமாகக் கொண்டு அதன் கர்த்தாவை ஊகித்தறியும் நையாயிகரின் அனுமானத்தையே மறுத்து, பிரஹ்மத்தை அறிய சாஸ்திரமே பிரமாணம் என்று நிலைநாட்டினார். ஈசுவரனுக்காக வாதாடியவரே, ஈசுவரனுக்குச் சாதகமான ஓர் அனுமானத்தை இவ்வளவு கண்டிப்பாக ஒதுக்கியதில் உள்ள நேர்மை என்னைத் திரும்பத் திரும்ப ஈர்க்கிறது. அவர் பற்றிநின்ற சாஸ்திரச் சொல்லை நானும் பற்றுகிறேன். ஏற்காதவர் தம் காரணத்தைச் சொல்லட்டும். விடை வராமையை மட்டும் சாட்சிக்கு அழைக்கவேண்டாம்.