அழித்தாயிற்று

ஆக்குவது அரிது, அழிப்பது எளிது என்று சொல்லிச் சொல்லி நம் நாக்குத் தேய்ந்துவிட்டது. எனக்கு இதில் வெகுநாளாகவே சந்தேகம். அழித்தல் தொழிலுக்கென்று தனியே ஒரு தெய்வத்தை வைத்து, அவருக்கு ஊருக்கு ஊர் கோயிலும் எழுப்பியவர்கள் நம் முன்னோர்கள். படைக்கிறவருக்குக் கோயில் அருமை. காரணம் இல்லாமலா இருக்கும்?

இந்தச் சந்தேகத்தை மறுபடியும் கிளறிவிட்டவர் கணிப்பொறித் தொழில் செய்யும் ஓர் இளைஞர். 'டெர்ராபார்ம்' என்று ஒரு கருவி, 2014இல் வெளிவந்தது. இத்தனை கணிப்பொறிகள் வேண்டும், அவற்றுக்கு இன்ன இணைப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், கணிப்பொறிகளை வாடகைக்கு விடும் கம்பெனியிடம் கேட்டு அத்தனையையும் அதுவே நிறுவிவிடும். நிறுவியதை ஒரு பேரேட்டில் குறித்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் ஒரே சொல்லில் கலைத்துவிடும்; கலைக்கும்போது கட்டிய வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கும். ஓட்டை இறக்காமல் சுவரை இடிக்கக் கூடாதல்லவா?

இளைஞர் திருத்திக்கொண்டிருந்த பழுது இந்தக் கலைக்கும் வேலையில்தான். "இதை அழி" என்று கருவி கேட்கிறது. மறுபுறத்திலிருந்து "ஆகட்டும்" என்று பதில் வருகிறது. உடனே கருவி பேரேட்டில் அந்த வரியை அடித்துவிடுகிறது. ஆனால் "ஆகட்டும்" என்றால் உத்தரவு கிடைத்தது என்றுதான் பொருள்; வேலை முடிந்தது என்றல்ல. அழியச் சில நிமிஷங்கள் ஆகலாம்; அழியாமலே நின்றும் போகலாம். நின்றுவிட்டால் அது பேர் இல்லாத அநாதை. வாடகை மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கும்.

அவர் செய்த திருத்தம் சின்னதுதான். உத்தரவு கொடுத்த பிறகும் "இருக்கிறதா, இருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. "அப்படி ஒன்று இல்லை" என்று பதில் வந்த பிறகே வரியை அடிப்பது. நொடியில் முடிந்த வேலை இப்போது இவ்வளவு நேரம் பிடிக்கிறதே என்று முணுமுணுக்கிறவர்களும் உண்டாம்.

இல்லாததை இருக்கிறது என்று சொல்லும் பேரேடு தொந்தரவு கொடுக்கும். ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் தீர்ந்தது. இருப்பதை இல்லை என்று சொல்லும் பேரேடோ, யாரையும் போய்ப் பார்க்கவே விடாது. முதலாவது பிழை. இரண்டாவதை நான் பொய் என்றே சொல்வேன். எழுதியவர் நெஞ்சில் பொய் எண்ணம் துளியும் இல்லாவிட்டாலும்கூட. 'அழித்தாயிற்று' என்பது வெறும் செய்தியா? இனி யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்ற அனுமதியும் அதற்குள் இருக்கிறது.

இதைக் கேட்டபோது என் நினைவுக்கு வந்தது கருணாபுரம்.

கள்ளக்குறிச்சி நகரைச் சேர்ந்த கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும், 2024 ஜூன் மாதம் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்கிறவர்கள், பெண்களும் உண்டு. அதில் இருந்தது மெத்தனால். ரசாயனத் தொழிலுக்கு உரிய அந்தச் சரக்கு உடம்புக்குள் போனால் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும், உயிரையும் வாங்கும். இதற்கு 13 மாதங்களுக்கு முன்புதான், 2023 மே மாதத்தில், மரக்காணம் பக்கத்திலும் சித்தாமூர் பக்கத்திலும் அதே மெத்தனால் 20க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிருந்தது. அப்போதும் சோதனைகள் நடந்தன, கைதுகள் நடந்தன.

கல்வராயன் மலையில் ஊறல் அழிப்பது நெடுங்காலமாக நடந்து வருகிறது. வெல்லமும் வேலம்பட்டையும் ஊறும் பேரல்களைக் கவிழ்க்கிறார்கள். இத்தனை லிட்டர் அழிக்கப்பட்டது என்று மறுநாள் பத்திரிகையில் வருகிறது. மலையேறி இறங்கும் போலீஸ்காரரின் சிரமத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கருணாபுரத்தைக் கொன்றது மலைச் சாராயமும் அல்ல. ஆனால் இரண்டிலும் ஒரே வழக்கத்தைக் காண்கிறேன். பாக்கெட் விற்றவருக்குக் கீழே அவருக்குக் கொடுத்தவர். அவருக்குக் கீழே டிரம். டிரம்முக்குக் கீழே ஏதோ ஒரு கிடங்கு. மேலே இருப்பதை முதலில் எடுப்பது சரியான வரிசைதான். அதோடு நின்றுவிட்டு வரியை அடித்துவிடுவதுதான் பழுது. மெத்தனாலுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 1959லேயே விதிகள் செய்தாயிற்று. வரவு எழுதுகிறார்கள், செலவு எழுதுகிறார்கள். எழுதியபடிதான் செலவாயிற்றா என்று போய்ப் பார்க்கிறவர் யார்?

சாவுக்குப் பிறகு கலெக்டர் மாற்றப்பட்டார், போலீஸ் சூப்பிரண்டு சஸ்பெண்டு ஆனார், அதே ஜூனில் மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனைகளைக் கூட்டினார்கள், நவம்பரில் ஹைகோர்ட் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. வேண்டியவைதான். ஆனாலும் இவை உத்தரவுகள். உத்தரவுக்கு "ஆகட்டும்" என்ற பதில் எப்போதும் உடனே கிடைத்துவிடும்.

"மெஷினும் மனுஷனும் ஒன்றா ஐயா? மெஷினுக்குச் சலிக்காது" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயம். மனிதனுக்குச் சலிக்கும், போதாததற்கு, மேலதிகாரிக்குக் கணக்கும் காட்ட வேண்டும். அதனால்தான் அழிக்கிறவர் கையில் வரியை அடிக்கும் பேனாவைக் கொடுக்கக் கூடாது என்கிறேன். வேறொருவர் மலையேற வேண்டும். அவர் மறுநாளே ஏறினாலும் பிரயோஜனமில்லை. மறுநாள் பேரல் காலியாகத்தான் கிடக்கும். அடுத்த ஊறல் ஊறச் சில நாள் பிடிக்கும். பத்தாம் நாள் போய்ப் பார்க்கட்டும்.