பாதையில் நிற்கும் புகை

பாதையில் கிடக்கும் முள்ளையும் கல்லையும் அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நம் பிள்ளைகளுக்கு மதரஸாவில் கற்பிக்கிறோம். முள் கண்ணுக்குத் தெரியும். புகையோ கலைந்துவிடுகிறது, கலைந்ததும் நாம் மறந்துவிடுகிறோம்.

லண்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். லூயிஷம் பகுதியில், வாகனங்கள் ஓயாத பெருஞ்சாலையின் அருகே வாழ்ந்த எல்லா கிஸ்ஸி டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி, கடும் ஆஸ்துமாவினால் 2013 பிப்ரவரியில் இறந்தாள். அம்மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்றும், அம்மாசு பெரும்பாலும் வாகனப் புகையே என்றும் 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தக் காற்றின் கேட்டை அவளுடைய தாய்க்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதும் அத்தீர்ப்பில் உண்டு.

எவருடைய வண்டி அக்குழந்தையின் மூச்சை அடைத்தது? ஒருவரையும் சுட்ட முடியாது. அதனால் ஒருவருமே குற்றவாளி அல்லர் என்றாகிவிடுமா? ஊர்க்கிணற்றில் ஆளுக்கொரு துளி நஞ்சு விட்டவர்கள், "என் துளி சிறியது" என்று தப்ப முடியுமா? அறியாமல் விட்டவனின் நிலை வேறு. டீசல் புகையின் நுண்துகள், மகரந்தம் போன்றவற்றால் வரும் ஒவ்வாமையை மிகுதியாக்கும் என்பது இன்று தெரிந்த செய்தி.

பிழைப்புக்காக வண்டி ஓட்டுவோரை நாம் குறை கூறவில்லை. பள்ளிக்கூட வாயிலில், ஜும்ஆ முடிந்த பள்ளிவாசல் முன்னே, என்ஜினை நிறுத்தாமல் நின்று பேசுகிறோமே, அது எந்தத் தேவையில் சேரும்? (நாமும் இதில் அடக்கம்.) தந்தையின் கைபிடித்து நடந்துவரும் சிறுபிள்ளையின் முகம், அந்தப் புகைக்குழாய்க்கு நம் முகத்தைவிட அருகில் இருக்கிறது.