அகராதியில் இருந்தால் சொல்லலாமா?

ஜொகூர் பாருவில் நம்ம பசங்க சிலர் கிண்டலுக்கு ‘அலி’ என்பதைக் கேட்டிருக்கிறேன். தட்டிக் கேட்டால், “அகராதியிலேயே இருக்கே!” என்பார்கள். உண்மைதான். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் (1924–1936) அது இருக்கிறது. ஆனால், 2008இல் தமிழ்நாட்டு அரசு நல வாரியம் அமைத்தபோது ‘அரவாணி’ என்றது; பிறகு ‘திருநங்கை’ நிலைத்துவிட்டது.

அப்போ பழைய சொல்லை அகராதியிலிருந்து எடுத்துவிடலாமா? வேண்டாம் என்பேன். எடுத்தால் பழைய நூல்கள் புரியாது. நாம் இழிவாகப் பேசிய கதையும் மறைந்துபோகும். சொல் இருக்கட்டும். பக்கத்திலேயே ‘இழிவழக்கு’ என்ற குறிப்பும் இன்றைய சொல்லும் வரட்டும்.

நண்பர்களே, அகராதி பொருள் சொல்லும். மரியாதை நம்மிடமிருந்துதான் வரவேண்டும். அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிடும் நமக்கு, “உங்களை எப்படி அழைக்கட்டும்?” என்று கேட்பதில் என்ன கஷ்டம்?