ஐந்தாண்டுக் கணக்கு

ஓர் ஊரில் ஒருவன் எத்தனை காலம் வாழ்ந்தால் அவன் அவ்வூரானாகிறான்? நம் கிராமங்களில் இவ்வினாவுக்கு எழுதி வைத்த விடை இல்லை. மூன்று தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய குடும்பத்தைக்கூட வரப்புச் சண்டை மூளும்போது 'வந்தான் வரத்தான்' என்று சொல்லிவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியமோ இதற்கு எண்ணாலேயே விடை எழுதி வைத்திருக்கிறது. அவ்வெண் ஐந்து. அதற்குப் பின்னே நிற்கும் அறச்சிக்கலை வாசக அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட ஒன்றிய ஆணையின்படி, உறுப்பு நாடு ஒன்றின் குடிமகன் மற்றோர் உறுப்பு நாட்டில் மூன்று மாதம் வரை எவ்வித நிபந்தனையுமின்றித் தங்கலாம். அடையாளச் சான்று ஒன்று கையில் இருந்தால் போதும். அதற்கு மேல் தங்க வேண்டுமாயின் அவர் உழைப்பவராகவோ சொந்தத் தொழில் புரிபவராகவோ இருத்தல் வேண்டும். அன்றேல், அந்நாட்டின் பொது உதவிக்குச் சுமையாகாத அளவுக்குப் போதிய பொருளும் முழுமையான மருத்துவக் காப்பீடும் உடையவராக இருத்தல் வேண்டும். மாணவர்க்கும் குடும்பத்தினர்க்கும் வேலை தேடுவோர்க்கும் தனி விதிகள் உண்டு. இவ்வாறு சட்டப்படி இடையறாது ஐந்தாண்டு வாழ்ந்தவருக்கு நிரந்தரக் குடியிருப்பு உரிமை சேர்கிறது. அதன்பின் 'வேலை இருக்கிறதா, கையில் பொருள் இருக்கிறதா' என்று எவரும் கேட்பதற்கில்லை. நலிவுற்ற காலத்தில் அந்நாட்டுக் குடிமக்களைப் போலவே அவரும் உதவித்தொகை பெறலாம். தொடர்ந்து ஈராண்டுக்கு மேல் வெளியே வாழ்ந்தால் அவ்வுரிமை நீங்கும்.

இது நமக்கு முற்றிலும் அயலான செய்தியன்று. இலங்கையிலிருந்து அகதிகளாகச் சென்று நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய நாடுகளின் குடியுரிமை பெற்ற தமிழர்கள் பலர், பின்னர் ஐரோப்பியக் குடிமக்கள் என்ற தகுதியிலேயே பிரித்தானியாவுக்கு இடம்பெயர்ந்தனர். அவர்களுக்கும் இந்த ஐந்தாண்டுக் கணக்கே பொருந்தியது.

இவ்வேற்பாட்டில் ஒரு நல்லறிவு இருப்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நேற்று வந்தவனும் ஐந்தாண்டு வாழ்ந்தவனும் ஒரே நிலையினர் அல்லர். ஒரே தெருவில் ஐந்து குளிர்காலங்களைக் கழித்தவன் அங்கே கடன் கொடுத்திருப்பான், கடன் பட்டிருப்பான்; அண்டை வீட்டார் அவன் இல்லாததை உணர்வார்கள். காலம் செல்லச் செல்ல உறவு வளர்கிறது. உறவு வளர வளரக் கடமையும் வளர்கிறது. 'விருந்தாளியாக இரு' என்று ஒருவனை என்றென்றும் வாயிலிலேயே நிறுத்தி வைப்பது முறையன்று என்பதைச் சட்டம் உணர்ந்திருக்கிறது.

ஆயின் எந்த ஆண்டுகளைக் கணக்கில் கொள்வது? 'சட்டப்படி' என்ற ஒரு சொல்லில்தான் சிக்கல் முழுவதும் தங்கியிருக்கிறது. 1989ஆம் ஆண்டு போலந்திலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஒருவர், மனிதாபிமான அடிப்படையில் வழங்கப்பட்ட அனுமதியின் பேரில் 1991 முதல் 2006 வரை அங்கு வாழ்ந்தார். நிரந்தர உரிமை கோரினார். போலந்து ஒன்றியத்தில் சேர்வதற்கு முற்பட்ட ஆண்டுகளையும் எண்ணலாம் என்று ஒன்றிய நீதிமன்றம் 2011 டிசம்பர் 21ஆம் நாள் ஒரு கையால் கொடுத்தது. ஆனால் உழைப்போ போதிய பொருளோ இல்லாமல், உள்நாட்டுச் சட்டத்தின் இரக்கத்தால் மட்டும் வாழ்ந்த ஆண்டுகள் 'சட்டப்படி' வாழ்ந்த ஆண்டுகள் ஆகா என்று மறு கையால் எடுத்துக்கொண்டது. அரசே முத்திரையிட்டுத் தந்த அனுமதியோடுதான் அவர் வாழ்ந்தார். அவ்வாண்டுகளில் அவர் மூச்சு விட்டது உண்மை. வாடகை வீட்டில் குடியிருந்தது உண்மை. கணக்கில் மட்டும் அவர் அங்கே இல்லை.

இதனினும் என் மனத்தை உறுத்துவது பிள்ளை வளர்ப்போர் நிலை. பிள்ளைப்பேறு போன்ற காரணத்திற்காக ஒருவர் ஓராண்டு வரை நாட்டை விட்டு நீங்கியிருந்தாலும் கணக்கு அறுபடாது என்று அதே ஆணை கருணையோடு கூறுகிறது. ஆனால் நாட்டிலேயே இருந்து, உழைக்கும் துணைவர் எவருமின்றித் தனியே நின்று, கைக்குழந்தையைப் பேணிய ஆண்டு 'உழைப்பு' ஆகாது. லண்டனில் உதவி ஆசிரியையாகவும் பின்னர் மழலையர் பள்ளிகளிலும் பணிபுரிந்த பிரெஞ்சுப் பெண்மணி ஒருவர், கருவுற்று ஆறு மாதம் நெருங்கிய நிலையில் வேலையை விட்டார். 'நீர் இப்போது உழைப்பாளி அல்லர்' என்று உதவி மறுக்கப்பட்டது. குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்! பேறுகாலத்தால் வேலையை நிறுத்தியவர் உரிய காலத்திற்குள் திரும்பினால் உழைப்பாளி என்ற தகுதியை இழப்பதில்லை என்று நீதிமன்றம் 2014 ஜூன் 19ஆம் நாள் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆயினும் வேலைக்குத் திரும்பினால்தான் தாய்மை மன்னிக்கப்படும் என்ற தொனி அதில் இருக்கவே செய்கிறது.

மருத்துவக் காப்பீட்டின் கதையும் இத்தகையதே. வேலை செய்யாத ஐரோப்பியருக்கு நாட்டின் பொது மருத்துவச் சேவை மட்டும் போதாது, வேறு காப்பீடு வேண்டும் என்று பிரித்தானிய அரசு பல்லாண்டுகள் வற்புறுத்தியது. அதை அறியாத பலருக்கு ஆண்டுகள் வீணாயின. பொதுச் சேவையில் சேர்ந்திருத்தலே போதும் என்று நீதிமன்றம் கூறியது 2022 மார்ச் 10ஆம் நாள். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு நீங்கி ஈராண்டு கடந்துவிட்ட பின்னர்.

மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். கேளாமல் தீர்ப்புக் கூறுவது நடுவுநிலைமை ஆகாது. உதவித்தொகை வானத்திலிருந்து பொழிவதன்று. விடியற்காலையில் பேருந்து ஓட்டச் செல்பவரின் ஊதியத்திலிருந்து பிடித்தம் செய்து சேர்த்த பொதுப் பெட்டி அது. லைப்சிக் நகரில் உடன்பிறந்தாள் வீட்டில் தங்கியிருந்த ருமேனியப் பெண்மணி ஒருவர், வேலை செய்யாமலும் தேடாமலும் இருந்து அடிப்படை உதவி கோரினார். 2014 நவம்பர் 11ஆம் நாள் நீதிமன்றம் அதை மறுக்கலாம் என்றது. இத்தீர்ப்பைக் கொடுமை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பெட்டியை எவரும் எப்போதும் திறக்கலாம் என்றால், அதை நிரப்புவோர் ஒருநாள் நிரப்ப மறுப்பார்கள். அன்று முதலில் பட்டினி கிடப்பவர் உள்ளூர் ஏழைதான். மேலும், வந்தவர்க்கெல்லாம் உடனே எல்லாம் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் வாயிற்கதவையே இறுக அடைத்துவிடும் எண்ணம் அரசுகளுக்குத் தோன்றும்.

ஜெர்மனியில் நடந்தது இதற்குச் சான்று. ஆறு மாதத்திற்கு மேல் தங்கிவிட்ட ஐரோப்பியருக்குச் சமூக உதவி தர வேண்டும் என்று அந்நாட்டுக் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் 2015 டிசம்பரில் கூறியது. மறு ஆண்டு டிசம்பரிலேயே அரசு சட்டத்தைத் திருத்தியது. வேலையும் உரிமையும் இல்லாதவர்க்கு, ஒரு மாத அளவுக்கு இடைக்கால உதவி, ஊர் திரும்பக் கடனாக வழிச்செலவு, அவ்வளவே. கடுமையான சட்டம். ஆனால் அதன் உள்ளேயே ஒரு வியப்பு: முறையாகப் பதிவு செய்துகொண்டு ஐந்தாண்டு வழக்கமாக வாழ்ந்துவிட்டவர், உழைத்தாரா பொருளுடையவரா என்ற கேள்வியின்றி உதவி பெறலாம் என்றும் அது வகுத்தது. வெறும் வாழ்தலும் ஒரு கணக்குதான் என்று, கைச் சுருக்கத்தோடு எழுதிய சட்டமே ஒப்புக்கொண்டது!

பிரித்தானியாவும் பிரியும்போது இதையே வேறு வகையில் செய்தது. 2021 ஜூன் 30 வரை விண்ணப்பிக்கக் காலக்கெடு வைத்து, வேலையையோ காப்பீட்டையோ கேளாமல், ஐந்தாண்டு வாழ்ந்தவர்க்கு முழுத் தகுதியும், வாழாதவர்க்கு முன்தகுதியும் வழங்கியது. பெருந்தன்மைதான். ஆனால் முன்தகுதி மட்டும் உடையவர் உதவித்தொகை கோரினால் பழைய நிபந்தனைகள் திரும்பவும் குறுக்கே நின்றன. 'இங்கே தங்கலாம், பசித்தால் எம்மிடம் வராதே' என்பதே அதன் பொருள். வட அயர்லாந்தில், துணைவனின் கொடுமைக்கு அஞ்சி இரு சிறு குழந்தைகளோடு காப்பகத்தில் அடைக்கலம் புகுந்த இளம்தாய் ஒருவருக்கு இவ்வாறே மறுக்கப்பட்டது. அவர் அந்நாட்டில் ஒருநாளும் சம்பளத்திற்கு வேலை பார்த்ததில்லை. சட்டக் கணக்கின்படி அவர் பெயரில் இருப்பு ஒன்றுமில்லை.

2021 ஜூலை 15ஆம் நாள் ஒன்றிய நீதிமன்றம் அளித்த விடையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். சமநிலை கோரும் உரிமை அவருக்கு இல்லை என்றது. ஆனால் உதவியை மறுக்குமுன், அம்மறுப்பால் தாயும் குழந்தைகளும் மானத்தோடு வாழ இயலாத நிலைக்குத் தள்ளப்படுவார்களா என்று அரசு ஆராய்ந்தே ஆக வேண்டும் என்றும் கூறியது. உரிமை என்னும் மாடியை மறுத்து, மனிதர் என்னும் தரையைக் காத்தது. இத்தரைக்கு ஐந்தாண்டு வேண்டுவதில்லை, ஒருநாள் போதும். பகைவர்க்குக்கூட மறுக்கலாகாத ஒன்றை, தங்கலாம் என்று நாமே அனுமதித்தவருக்கு மறுப்பது எங்ஙனம்?

ஆயினும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் என் ஐயம் நீங்கவில்லை. தரைக்கு மேலே, ஐந்தாண்டுக்குக் கீழே, குழந்தை வளர்த்தும் முதியோரைப் பேணியும் கழிந்த ஆண்டுகளை உழைப்பாக எண்ண எந்த எழுத்தர் முன்வருவார்? எண்ணுவதானால் அதற்குச் சான்று எது? சம்பளச் சீட்டு தாலாட்டுக்கு இல்லை.

அடைக்கலம் புகுந்த தாய்க்குச் சொல்லப்பட்ட நெறி, பிரிவுக்குப் பின்னும் உயிரோடு இருக்கிறதா என்ற வழக்கு இங்கிலாந்தில் எழுந்தது. அதிலும் வழக்காடியவர் குடும்பக் கொடுமையிலிருந்து தப்பிய ஒரு தாயே. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு மேலும் முறையிட அனுமதி கேட்டது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் அதை மறுத்தது. இப்போது அத்தகைய விண்ணப்பம் வரும்போது, அதிகாரி ஆண்டுகளை எண்ணி முடித்த பின்னும் கோப்பை மூடிவிட இயலாது. அவ்வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றும் அவர் கேட்டாக வேண்டும்.